ஊறவைத்த கலமும் கலந்து பூசிய கலமும்

சிலிக்கானை விட்டு வெளியே வந்தால் மலிவாக, மெல்லியதாகச் செய்யக்கூடிய சூரிய மின்கலங்களில் பழைய போட்டியாளர்கள் இருவர் உண்டு. ஒருவர் சாயமேற்றிய கலம், மற்றவர் கரிமக் கலம். இரண்டையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் செயல்திறன் சதவீதத்தைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் கரிமக் கலம் ஜெயித்துவிட்டது, கட்டுரையும் இங்கேயே முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. எந்தப் பொருளுக்கு எத்தனை வேலை தரப்படுகிறது என்பதில்தான் இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

சாயமேற்றிய கலத்தில் ஆளுக்கொரு வேலை. ஒளியை விழுங்குவது சாயம். அது உதறிவிடும் எலக்ட்ரானை வாங்கி, மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி வரை கடத்துவது டைட்டானியம் டை ஆக்சைடு. எலக்ட்ரானை இழந்து நிற்கும் சாயத்துக்கு மறுபடி ஒன்றைக் கொடுத்து உயிர்ப்பிப்பது மின்பகுளி, அதாவது அயனிகள் கரைந்த திரவம். ஆய்வாளர்கள் ஓரீகனும் கிரெட்சலும் 1991இல் வெளியிட்ட கலத்தின் சூட்சுமம் வேதியியலை விடப் பரப்பளவில்தான் இருந்தது. ஒரு மூலக்கூறு தடிமனுள்ள சாயப் படலம் தட்டையான பரப்பில் ஒட்டினால் ஒளியில் மிகச் சொற்பத்தையே பிடிக்கும். அவர்கள் நானோ துகள்களைச் சுட்டு, சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமனில் பஞ்சு போன்ற படலம் செய்து, அதைச் சாயக் கரைசலில் ஊறவைத்தார்கள். உள்ளே இருக்கும் துளைச் சுவர்கள் எல்லாவற்றிலும் சாயம் ஒட்டிக்கொண்டது. 7 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது.

கரிமக் கலத்தில் கதை வேறு. இங்கே ஒளியை விழுங்குவதும் மின்னேற்றத்தைக் கடத்துவதும் ஒரே ஆட்கள்தான். கரிமப் பொருளில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் தனியாகப் பிரிந்து ஓடுவதில்லை, தான் விட்டுவந்த காலியிடத்தோடு ஒட்டிக்கொண்டு ‘எக்ஸிட்டான்’ என்ற ஜோடியாக நிற்கிறது. அந்த ஜோடி பொதுவாகப் பத்து நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும், அதற்குள் பிரிக்கப்படாவிட்டால் அணைந்துவிடும். எனவே எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளும் வாங்கும் பொருளும் அந்தத் தூரத்துக்குள் சந்திக்க வேண்டும். 1986இல் சிங் டாங் இரண்டையும் அடுக்கடுக்காக வைத்து சுமார் 1 சதவீதம் எடுத்தார். 1990களில் ஹீகர் குழு இரண்டையும் ஒரே கரைசலில் கலந்து பூசிப் பார்த்தது. காயும்போது அவை தாமாகவே பின்னிக்கொண்டு, எங்கு பார்த்தாலும் எல்லைக்கோடு உள்ள கலவையாயின. இத்தனையும் நடப்பது நூறு நானோமீட்டர் சொச்சம் தடிமனுக்குள். சாயக் கலத்தின் படலத்தோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு.

‘தாமாகவே பின்னிக்கொண்டன’ என்று எழுதுவது எளிது. ஆய்வகத்தில் அந்தத் தாமாகவே என்பதுதான் பாதி வருடத்தைத் தின்னும். கரைப்பானை மாற்றினால், காயும் வேகம் மாறினால், பாலிமரின் மூலக்கூறு எடை அடுத்த தயாரிப்பில் சற்றுக் கூடிவிட்டால், கலவையின் உள்ளமைப்பு வேறாகிவிடும். சாயக் கலத்தில் சாயம் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் மாற்றலாம். இங்கே ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும்.

அப்புறம் ஏன் கரிமம் முந்தியது? ஒரே ஒரு காரணம் சொல் என்றால், எலக்ட்ரானை வாங்கும் பொருளை, அதாவது ஏற்பியை, மாற்றியதுதான். நீண்ட காலம் அந்த இடத்தில் ஃபுல்லரீன் என்ற பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு இருந்தது. எலக்ட்ரானை வாங்குவதில் கெட்டிக்காரப் பொருள், ஆனால் ஒளியை அதிகம் விழுங்காது, ஆற்றல் மட்டத்தை நம் விருப்பத்துக்கு நகர்த்தவும் இடம் தராது. கலவையில் பாதி ஆள் ஒளி பிடிக்கும் வேலையில் சும்மா இருந்தார் என்று சொல்லலாம். 2015இல் ஐடிஐசி என்ற மூலக்கூறு வந்தது, 2019இல் ஒய்6. பின்னது அகச்சிவப்பின் விளிம்பு வரை, 900 நானோமீட்டரைத் தாண்டியும் ஒளியை விழுங்கும். பிஎம்6 என்ற பாலிமருடன் சேர்ந்து முதல் அறிக்கையிலேயே 15.7 சதவீதம் தந்தது. இன்று ஆய்வகக் கலங்கள் 19ஐத் தாண்டிவிட்டன. ஃபுல்லரீன் கலங்கள் இருபது வருடம் முயன்றும் 11, 12க்கு மேல் போகத் திணறின.

சாயக் கலத்தைப் பிடித்து வைத்திருந்தது வேறொன்று, மின்பகுளி. ருத்தேனியம் சாயமும் அயோடைடு கரைசலும் நல்ல ஜோடிதான். 1993இலேயே 10 சதவீதம் வந்தது. ஆனால் சாயத்தை உயிர்ப்பிக்க அயோடைடு கேட்கும் விலை அதிகம். சாயத்தின் ஆற்றல் மட்டத்துக்கும் அயோடைடின் மட்டத்துக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வீணாகிறது. அதனால் கலம் சுமார் 0.7 வோல்ட்டில் நின்றுவிடும். போதாக்குறைக்கு அயோடின் வெள்ளிக் கம்பிகளை அரிக்கும், நீல ஒளியில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும்.

அயோடைடுக்குப் பதிலாக வந்த கோபால்ட் கூட்டுச்சேர்மங்கள் அந்த இழப்பைக் குறைத்தன. 2011இல் துத்தநாக போர்ஃபைரின் சாயத்துடன் 12.3 சதவீதம் எட்டியது. அந்தச் சாயத்தில் நீண்ட கார்பன் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள், கோபால்ட் அயனி டைட்டானியம் பரப்பை நெருங்கி எலக்ட்ரானைத் திருடாமல் இருக்க. வேலியும் ஒளிப்பொறியும் ஒரே மூலக்கூறில்! ஆனால் கோபால்ட் கூட்டுச்சேர்மங்கள் உருவத்தில் பெரியவை, துளைகளுக்குள் மெதுவாகத்தான் நகரும், கடும் வெயிலில் அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தாமிரக் கூட்டுச்சேர்மங்கள் வந்ததும் மின்னழுத்தம் 1 வோல்ட்டைத் தாண்டியது.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. சில தாமிரக் கலங்களில் திரவம் காய்ந்து போனது. செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டிய கலம் தொடர்ந்து மின்சாரம் கொடுத்தது. காய்ந்த தாமிரச் சேர்மமே திடநிலைக் கடத்தியாக மாறியிருந்தது. ஆய்வாளர்கள் அதற்கு ‘ஜாம்பி கலம்’ என்று பேர் வைத்தார்கள். 2017இல் இந்த வழியில் 11 சதவீதம் வந்தது. திரவம் கசியும் என்பது சாயக் கலத்தின் மேல் முப்பது வருடமாகச் சொல்லப்படும் புகார், அதற்கு விடை ஒரு விபத்திலிருந்து வந்தது.

சரி, நிலைத்தன்மை. இருவரும் இதில் பலவீனர்கள்தான், நோய் மட்டும் வேறு. சாயக் கலத்தில் சாதனை எண்களைத் தரும் அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியில் கொதித்துவிடும். வெயிலில் கிடக்கும் கண்ணாடித் தகட்டின் சூட்டுக்கு அது வசதியான எண் இல்லை. கொதிநிலை கூடிய கரைப்பானோ அயனித் திரவமோ போட்டால் பிழைக்கும், ஆனால் திறன் குறையும். அதாவது மூடியையும் திரவத்தையும் சரிசெய்தால் குணமாகும் நோய். கரிமக் கலத்தின் நோய் உள்ளுக்குள் இருக்கிறது. கலந்து பின்னிய இரண்டு பொருள்களும் சூட்டில் மெல்லப் பிரிந்து ஒதுங்கப் பார்க்கும். எலக்ட்ரானை வெளியே எடுக்கும் துத்தநாக ஆக்சைடு அடுக்கில் புற ஊதா ஒளி பட்டால் புதிய வகை ஏற்பிகள் சிதையும். மறுமுனையில் பூசும், பழக்கப்பட்ட பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமர் அடுக்கு அமிலத்தன்மை உள்ளது, ஈரத்தையும் இழுக்கும். மூடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இவை உள்ளிருந்தே நடக்கும் என்பதால், இரண்டில் கரிமத்தின் சிக்கலைத்தான் கடினமானதாக நினைக்கிறேன்.

தயாரிப்பில் தராசு மறுபக்கம் சாய்கிறது. டைட்டானியம் பசையை 450, 500 டிகிரியில் சுட வேண்டும், சாதாரண பிளாஸ்டிக் அதைத் தாங்காது. கரிமக் கலவையை மை போல அச்சடித்து, பிளாஸ்டிக் தாங்கும் சூட்டிலேயே உலர்த்தி, சுருளாகச் சுற்றி எடுக்கலாம். ஆனால் ஆய்வகத்தில் பலரும் பயன்படுத்தும் குளோரோபார்ம், குளோரோபென்சீன் ஆகியவற்றை ஆலையில் டன் கணக்கில் ஆவியாக்க யாரும் அனுமதிக்கமாட்டார்கள். ஒய்6 போன்ற மூலக்கூறுகளைச் செய்ய எத்தனை வேதிப் படிகள் ஆகின்றன என்பதும் கட்டுரைகளின் முதல் பக்கத்தில் வருவதில்லை. போர்ஃபைரின் சாயங்களுக்கும் அதே குறை உண்டு. உலோகமில்லாத எளிய கரிமச் சாயங்கள் இவ்விஷயத்தில் நிம்மதி.

உட்புற ஒளியில் கணக்கே மாறுகிறது. 1000 லக்ஸ் விளக்கொளியில் வரும் ஆற்றல், முழு வெயிலில் வருவதைச் சில நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான். அந்த மங்கலில் மின்பகுளி மெதுவாக நகர்வது ஒரு குறையே இல்லை, அனுப்ப வேண்டிய எலக்ட்ரான்களே கொஞ்சம்தானே. தாமிர மின்பகுளியுள்ள சாயக் கலங்கள் 2017இல் 28.9 சதவீதமும், 2020இல் 34 சதவீதமும் இந்த ஒளியில் எட்டின. அதே வகைக் கலம் வெயிலில் 2022இல் தொட்ட உச்சம் 15.2. கரிமக் கலங்களும் உட்புற ஒளியில் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அங்கே அவை தனிக்காட்டு ராஜா இல்லை. ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் சாயக் கலங்கள் ஹெட்போன்களில் ஏறி விற்பனைக்கு வந்தது தற்செயல் அல்ல.

இன்று ஒரு மாணவர் எதில் ஆய்வு செய்யலாம் என்று கேட்டால், மூலக்கூறு வடிவமைப்பில் ஆசை உள்ளவரைக் கரிமத்துக்கு அனுப்புவேன். அங்கே ஒரு புதிய ஏற்பி மூலக்கூறு துறையையே புரட்டிப் போட முடியும் என்பதை ஒய்6 காட்டிவிட்டது. மின்வேதியியலில் பொறுமை உள்ளவருக்கு, தாமிர மின்பகுளியும் அதற்கேற்ற சாயமும். அவர் அளக்க வேண்டியது வெயிலில் அல்ல, மேசை விளக்கின் கீழே.