பணி ஓய்வுக்குப் பிறகு தினமும் வாசிக்க எந்த பைபிள்? பெரிய எழுத்துப் பதிப்புகள் பற்றி

சபையில் ஒருவர் ரிட்டயர்டு ஆனால் சால்வைக்கு அடுத்தபடி அவர் கைக்கு வந்து சேருவது பெரிய எழுத்து பைபிள். ஜிப் வைத்த கறுப்பு உறை, தங்க விளிம்பு, அட்டைப் பெட்டி. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் துறைமுகத்திலும் ஐ.சி.எஃப்.பிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் வீட்டில் இதை ஷோகேஸுக்குள் பார்க்கலாம். மேஜையில் திறந்து கிடந்து பார்ப்பது அபூர்வம். காரணம் பக்திக் குறைவு இல்லை. கொடுக்க அழகாகச் செய்த பொருள் அது, தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கத் தோதாகச் செய்ததல்ல.

எங்கள் சிபாரிசை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஜிப் இல்லாத, நூலால் தைத்த, கெட்டி அட்டைப் பதிப்பு ஒன்று, அதை நிறுத்தி வைக்க ஒரு பலகை, வெளியே கொண்டுபோகத் தனியாக ஒரு சிறிய புதிய ஏற்பாடு.

எடையிலிருந்து தொடங்கலாம். பெரிய எழுத்துப் பதிப்புகள் சுமார் ஒன்றரை கிலோவைத் தொடும். மடியில் வைத்தால் கழுத்து குனியும்; கையில் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும்; மேஜையில் படுக்க வைத்தால், பைஃபோகல் கண்ணாடிக்காரர் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கும். கூடாரத்தைச் சுமந்த லேவியருக்கே 50 வயதில் அந்த வேலையிலிருந்து ஓய்வு உண்டு (எண்ணாகமம் 8:25). 60-ல் நமக்கு எதற்கு இந்தப் பாரம்? மண்ணடியில் குர்ஆன் வைத்து ஓத விற்கிற மடக்கு மரப்பலகை இதற்கு அருமையாகப் பொருந்தும். மேஜைமேல் அதை வைத்து, புத்தகம் கண்ணிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி சாய்ந்து நிற்கும்படி பார்த்துக்கொண்டால் கைக்கு வேலையே இல்லை.

எழுத்தைச் சோதிக்கும்போது எல்லாரும் ஏமாறுவது ஒரே இடத்தில். கடையில் சங்கீதம் 23-ஐத் திறந்து, "நல்லா தெரியுதே" என்று வாங்கிவிடுவார்கள். அது கண்ணை மூடினாலும் வரும் சங்கீதம்! 1 நாளாகமம் முதல் அதிகாரத்தைத் திறங்கள். முழுக்கப் பெயர்கள், ஊகித்து வாசிக்க முடியாது. அங்கே மெய்யெழுத்தின் புள்ளி தெளிவாகத் தெரிகிறதா, ரகரமும் துணைக்காலும் குழம்புகிறதா என்று பாருங்கள். 12 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம். ஆனால் எழுத்து பெரிதாகிப் பக்கம் பெரிதாகாவிட்டால் இன்னொரு தொல்லை: குறுகிய இரண்டு பத்திகளில் நம் நீளமான சொற்கள் வரிக்கு வரி உடைந்து, கண் அடுத்த வரியைத் தேடித் திணறும். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்புகள் பகலில் அழகு. கண்புரை ஆரம்பித்தவருக்கு இரவு விளக்கில் மலைப் பிரசங்கம் முழுவதும் மங்கிவிடும், அதைத் தவிர்க்கலாம். கண்புரை அறுவை செய்யப் போகிறவர், புதுக் கண்ணாடி கைக்கு வந்த பிறகு பைபிள் வாங்குவதே சரி.

தாள் மெல்லியதாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. பின்பக்க எழுத்து எவ்வளவு தெரிகிறது என்பதைப் பார்க்க, ஒரு புத்தகம் முடிந்து பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கும் இடத்தைத் திருப்புங்கள். அங்கே பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தால் அந்தப் பதிப்பு வேண்டாம்.

கட்டு எப்படி என்று அறிய முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள். சிறு சிறு மடிப்புகள் வளைவு வளைவாகத் தெரிந்தால் தையல். நேராக வெட்டிப் பசை பூசியிருந்தால் இரண்டு மழைக்காலத்தில் ஆதியாகமம் தனியாகக் கழன்று வரும். முதல் அதிகாரத்திலும் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியிலும் திறந்து கையை எடுங்கள். தானாக மூடிக்கொள்ளாமல் கிடக்க வேண்டும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் உலோக ஜிப்தான் முதலில் போகும். உப்புக் காற்றில் பச்சை பிடித்து, பாதியில் நிற்கும். இழுக்கிற இழுப்பில் பக்க மூலைகள் மாட்டிக் கிழியும். காணிக்கைக் கவர், ஞாயிறு ஆராதனை முறைத் தாள், ஜெபக் குறிப்பு என்று எல்லாவற்றையும் உள்ளே திணித்தால் இன்னும் சீக்கிரம். ரெக்சின் உறை கை வியர்வையில் செதில் செதிலாக உரியும். ஜிப்புக்கும் தங்க விளிம்புக்கும் கூடக் கொடுக்கிற பணத்தில் பலகையே வாங்கிவிடலாம். வாசிக்காத நேரத்தில் புத்தகத்தை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். கனமான பக்கங்கள் தொங்கி அட்டையிலிருந்து பிய்யாது. கோடு போட பென்சில் போதும். ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் மறுபக்கம் வரை ஊறும்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதில் பெரிய குழப்பம் வேண்டாம். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வாசிக்கப்படுவது பவர் ஐயர் தலைமையில் 1871-இல் முடிந்த பழைய மொழிபெயர்ப்பு. அதற்கு அடித்தளம் வேப்பேரியில் இருந்து உழைத்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸின் தமிழ். மனப்பாட வசனங்கள் எல்லாம் அதில்தான் இருப்பதால் அதுவே கைக்கு இருக்கட்டும். கத்தோலிக்கருக்கு இதைப் பரிசளிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 66 புத்தகம்தான் இருக்கும். தோபித்து, சீராக் எல்லாம் இருக்காது. அவர்களுக்கு 73 நூல்கள் கொண்ட திருவிவிலியம்.

ஒரே பொருள் வரும் மற்ற வசனங்களின் எண்களையும் தருகிற ஒத்துவாக்கியப் பதிப்பு வேதபாடம் நடத்துகிறவருக்கு உதவும். தொடர்ந்து வாசிக்கிறவருக்கு நடுவில் வரும் பொடி எழுத்துகள் இடைஞ்சல்தான்.

இனி வாசிப்பு. மொத்தம் 1,189 அதிகாரம். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஒரு வருடத்தில் முடியும். வேலையிலிருந்து வந்த புதிதில் பொழுது நிறைய இருக்கிறதே என்று தினம் பத்து அதிகாரம் ஓட்டுகிறவர்கள் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். பலி முறைகளை அந்த வேகத்தில் வாசித்தால் மனதில் எதுவும் ஒட்டாது. பக்க அடையாளத்துக்கு இரண்டு நாடா வைத்த பதிப்பாக வாங்கி, ஒன்றை பழைய ஏற்பாட்டிலும் மற்றதைப் புதிய ஏற்பாட்டிலும் போட்டு, காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்று போங்கள். புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரம் ஒன்பது மாதத்துக்குள் முடிந்துவிடும். பழையதற்கு ஒன்றேகால் வருடம் பிடிக்கும், பிடிக்கட்டும். சங்கீதம் 119-ஐ ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். எட்டு எட்டு வசனமாக 22 பகுதி அதிலேயே பிரித்திருக்கிறது. நாளுக்கு ஒன்று போதும்.

சங்கீதத்தோடு சேர்ந்த சிறிய புதிய ஏற்பாடு, ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டுக்கும் வீட்டு ஜெபத்துக்கும் போகிறவர்களுக்கு. சட்டைப் பையில் அடங்கினால் போதும். நோயாளியின் கட்டிலில் பெரிய பைபிளை விரித்து வைக்க இடமும் இருக்காது, நர்ஸும் விடமாட்டார். முதலில் "வாசிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, எட்டு வசனமுள்ள சங்கீதம் 121 அளவோடு நிறுத்துங்கள். எழுத்து சிறியது என்பதால், எடுத்துப் போகிற இரண்டு மூன்று சங்கீதங்களையாவது மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

போன் ஆப் தேடுவதற்கு நல்லது, எழுத்தையும் வேண்டிய அளவு பெரிதாக்கலாம். நடுவில் வாட்ஸ்ஆப் மணி அடிக்கும், அவ்வளவுதான் குறை.

வாங்கியதும் கடையிலேயே ஒருமுறை பக்கங்களை முழுக்கத் தள்ளிப் பாருங்கள். பல பக்கங்கள் சேர்த்து அச்சிட்ட தாளை (இதை அச்சகத்தில் பாரம் என்பார்கள்) மடித்துத் தைப்பதால், விட்டுப் போனால் ஒரு பக்கம் போகாது. பதினாறு, முப்பத்திரண்டு பக்கம் சேர்ந்தே போகும், அல்லது இரண்டு முறை வரும். பக்கத் தலைப்பில் அதிகார எண் வரிசையாக ஓடுகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிட வேலை. பரிசாகக் கொடுப்பவர்கள் அதற்குப் பிறகே முன்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதட்டும். எழுதிய பைபிளைக் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.