பிக் பெண்ட் பார்க்க எங்கே தங்கலாம்: மார்ஃபாவா, ஆல்பைனா?

அமெரிக்காவில், மேற்கு டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போவதென்றதும் எல்லோரும் மார்ஃபாவில்தான் அறை தேடுகிறார்கள். நாங்கள் ஆல்பைனில் தங்கினோம். மறுபடி போனாலும் அங்கேதான்.

இரண்டுமே கவுண்டித் தலைநகரங்கள் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). இடையில் 26 மைல். 2020 கணக்கெடுப்பின்படி மார்ஃபாவில் 1,788 பேர், ஆல்பைனில் 6,035 பேர். மார்ஃபா பிரெசிடியோ கவுண்டிக்குத் தலைநகர், ஆல்பைன் புரூஸ்டர் கவுண்டிக்கு. டெக்சாஸிலேயே பெரிய கவுண்டி புரூஸ்டர். கனெக்டிகட் மாநிலத்தையே உள்ளே வைத்துவிடலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பரப்பளவை மறக்கக் கூடாது.

அழகுக்கு மார்ஃபாதான், சந்தேகமே இல்லை. 1886இல் கட்டிய கோர்ட் கட்டடம் ஒன்றே போதும். 1970களில் அங்கே குடியேறிய கலைஞர் டொனால்ட் ஜட், பழைய ராணுவக் கொட்டகைகளில் வைத்த 100 அலுமினியப் படைப்புகளும் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் படம் எடுத்துப் போடும் 'பிராடா மார்ஃபா' (பிராடா கடை போலவே சாலையோரம் கட்டிய கலைப்படைப்பு) அந்த ஊரிலேயே இல்லை. வாலண்டைன் பக்கம் இன்னும் 35 மைலாவது ஓட்ட வேண்டும்.

சரி, பூங்காவுக்கு வருவோம். ஆல்பைனிலிருந்து 118ஆம் எண் சாலை நேராகத் தெற்கே போகிறது. சுமார் 80 மைலில் ஸ்டடி பியூட் என்ற சிற்றூர், அதைத் தாண்டினால் பூங்கா. மார்ஃபாவிலிருந்து கிளம்பினால் வழக்கமான வழி ஆல்பைன் வந்துதான். அதாவது, போக 26, வர 26, ஒவ்வொரு நாளும் 52 மைல் கூடுதல். காலையில் இது பெரிதாகத் தெரியாது. பிக் பெண்டில் சூரியன் மறைவதையும் அப்புறம் நட்சத்திரங்களையும் பார்க்காமல் யாரும் கிளம்புவதில்லை. அதனால் திரும்புவது எப்போதும் இருட்டில்தான். தெருவிளக்கு கிடையாது, பல இடங்களில் போனில் சிக்னல் கிடையாது, மானும் காட்டுப்பன்றி போன்ற ஹாவலினாவும் திடீரென்று குறுக்கே வரும். நாள் முழுக்க மலையேறிய களைப்போடு ஆல்பைன் விளக்குகளைப் பார்த்த பிறகு, இன்னும் 26 மைல் ஓட்ட எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

மருத்துவமனையும் ஆல்பைனில்தான் இருக்கிறது. சுல் ராஸ் பல்கலைக்கழகம் இருப்பதால் வார நாளிலும் சாப்பிட ஏதாவது கிடைக்கிறது. மார்ஃபாவில் வாரத் தொடக்கத்தில் பல கடைகள் திறப்பதில்லை. ஆம்ட்ராக் பயணிகள் ரயிலும் ஆல்பைனில் மட்டுமே நிற்கும். சரக்கு ரயில் சத்தம் இரண்டு ஊருக்கும் பொது. மெக்டொனால்ட் வானாய்வகம் போவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரவில் தூரத்தில் தெரியும் மர்ம வெளிச்சங்களான, புகழ்பெற்ற மார்ஃபா விளக்குகளைப் பார்க்கும் இடம்கூட இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட சாலையில்தான்.

நாங்கள் போனது குளிர்காலம். கோடைக் கூட்டமும் அறை வாடகையும் வேறு மாதிரி இருக்கலாம். பூங்கா வேண்டாம், கலைக்கூடங்கள் மட்டும் போதும் என்பவர்கள் வியாழன் முதல் ஞாயிறுக்குள் மார்ஃபாவிலேயே தங்கலாம்.