பாறைத் தோட்டம் பாக்க வெளிநாடு போறதுன்னா தனியாவா, கோஷ்டியோடவா?

காரைக்குடியில உக்காந்துக்கிட்டு ஆல்பைன் செடிப் (உசந்த பனி மலையில வளர்ற செடி) பைத்தியமான்னு கேக்காத சொந்தக்காரங்க இல்ல. கேக்குறதும் நியாயந்தான், ராத்திரியில கூட சூடு இறங்காத ஊரு, சித்திரை வெயில்ல நம்ம முற்றத்துல சாக்ஸிஃப்ராகா மாதிரி ஒரு ஆல்பைன் செடி ஒரு வாரம் தாங்காது. நான் வளக்குறது அடீனியம், கள்ளி, பிரண்டை, அப்புறம் நார்த்தாமலைப் பக்கம் தெரிஞ்சவர் கொல்லையிலருந்து வாங்கிட்டு வந்த கள்ளிமுளையான், எல்லாம் செம்புறாங்கல்லு இடுக்குல. ஆனா கல்லையும் செடியையும் சேத்து வைக்கிற வித்தைய நூறு வருஷத்துக்கு மேல மண்டைய உடச்சுக்கிட்டு செஞ்சவங்க அந்தக் குளிர் ஊர்க்காரங்கதான், அதனாலதான் போனேன்.

ரெண்டு தடவை போயாச்சு. 2022ல மக வீட்டுக்குப் போன சாக்குல தனியா எடின்பரோ தோட்டமும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டமும். 2024 மே மாசம் பாறைத் தோட்டப் பிரியருங்க இருபது பேரோட ஒரே பஸ்ல, செக் நாட்டுல ப்ராக் நகரத்தச் சுத்தி இருக்குற தனியார் வீட்டுத் தோட்டங்க. இப்ப என் சித்தப்பா மகன் கிளம்பப் போறானாம், எப்படிப் போலாம்ணேன்னு தினம் போன். அவனுக்குச் சொன்னத இங்கயும் எழுதி வைக்கிறேன். நான் கோஷ்டி பக்கம், மொதல்லயே சொல்லிட்டேன், அதுக்கேத்த மாதிரி படிச்சுக்குங்க.

எல்லாருக்கும் தெரிஞ்சத வேகமா முடிச்சிடலாம். தனியாப் போனா செலவு கம்மி, நெனச்ச நேரத்துக்கு எந்திரிக்கலாம். கோஷ்டின்னா காசு அதிகம், அதுலயும் தனி ரூம் கேட்டா அதுக்கு ஒரு கட்டணம் மேல போடுவாங்க. விசா ரெண்டுக்கும் வேற வேற, இங்கிலாந்து விசாவ வச்சுக்கிட்டு செக் போக முடியாது, அதுக்கு ஷெங்கன் எடுக்கணும், ஃபீஸ் 90 யூரோ. சைவச் சாப்பாடு செக்ல கஷ்டம், பருப்புப்பொடி கொண்டு போங்க, அவ்ளோதான்.

தனியாப் போனத குறை சொல்ல மாட்டேன். எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டன் 1670ல ஆரம்பிச்சது, தோட்டத்துக்குள்ள போக காசு கிடையாது, அந்தப் பாறைத் தோட்டத்துல மட்டும் 5000 செடிக்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பேர்ப் பலகை, எந்த நாட்டுலருந்து வந்ததுங்கிறது வரைக்கும். மூணு நாளு காலையில போய் சாயங்காலம் வந்தேன். கியூவுல டிக்கெட் உண்டு. 1882லருந்து அங்க பாறைத் தோட்டம் இருக்கு, 2006ல தொறந்த டேவிஸ் ஆல்பைன் ஹவுஸ் இன்னொரு அதிசயம், கண்ணாடிக் கூரை அம்மாம் உசரம், கீழ பூமிக்குள்ள கான்கிரீட் வளைவு வளைவா கட்டி அது வழியா காத்த இழுத்துக் குளுரவச்சு செடி மேல விடுறாங்க. நம்ம வீட்டு முற்றமும் காத்தோட்டமும் நெனப்புக்கு வந்துச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். உள்ள இருக்குற சட்டியெல்லாம் பூத்துக் குலுங்குது, வாடுனது ஒண்ணு கூட இல்ல. அப்புறந்தான் வெளங்குச்சு, பின்னாடி நர்சரியில வளத்து, பூக்குறப்ப மட்டும் கொண்டாந்து வைக்கிறாங்க, பூ முடிஞ்சா திரும்பவும் பின்னாடி. மாப்பிள்ளை அழைப்புக்கு உக்கார வச்ச மாதிரி. செத்தது, அழுகுனது, மூணு வருஷம் போராடித் தோத்தது எதுவும் நம்ம கண்ணுல படாது. வேலை பாக்குறவங்க நல்லவங்கதான், கேட்டா சிரிச்சுக்கிட்டே பதில் சொல்வாங்க, ஆனா அவங்களுக்கு அன்னைக்கு வேலை கெடக்கு.

இப்ப கோஷ்டிக்கு வரேன். நான் கோஷ்டி பக்கம் சாய்ஞ்சதுக்குக் காரணம் பூ இல்ல, பராமரிப்பு.

செக்காரங்களோட ஸ்பெஷல் இடுக்குத் தோட்டம். பலகை மாதிரி கல்ல படுக்க வைக்காம செங்குத்தா, பக்கத்துல பக்கத்துல, எல்லாம் ஒரே திசையில நிக்கிற மாதிரி நட்டு, நடுவுல ரெண்டு வெரல் கூட நுழையாத சந்துல மணலும் பொடிக்கல்லும் போட்டு அதுல செடி. வேரு கல்லுக்கு அடியில குளிர்ச்சியத் தேடி ஆழமாப் போயிடும், கழுத்து, அதாவது வேரும் தண்டும் சேர்ற எடம், மட்டும் காஞ்சு இருக்கும். ஸ்தெனெக் ஸ்வோலானெக் மாதிரி ஆளுங்கதான் இத மத்த நாட்டுக்கெல்லாம் கொண்டு போனது. இத நான் படத்துல நெறைய பாத்திருக்கேன், பாத்துட்டு வந்து நம்ம கொத்தனார வச்சு கட்டியும் இருக்கேன், மூணு ஐப்பசி மழையில அடீனியம் அத்தனையும் அடி அழுகி கொழகொழன்னு போயிருச்சு. ஏன்னு தெரியல. சந்து சரி, மணலு சரி, சரிவும் சரி.

மூணாவது நாளு ஒரு பெரியவர் வீடு. எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், இங்கிலீஷ் சுத்தமா வராது, எனக்கு செக் வராது, ஆனா செடியக் காட்டி நான் லத்தீன் பேரு சொல்ல, அவரு தலையாட்டி அடுத்த செடியக் காட்ட, அரை மணி நேரம் இப்படியே பேசிக்கிட்டு இருந்தோம்னா பாத்துக்குங்க. கையில நுனி வளைஞ்ச பழைய சமையக்கட்டுக் கத்தி. அதான் அவரோட களைக்கொத்தி. பேசிக்கிட்டே குனிஞ்சு, நகத்தளவு முளைச்ச ஒரு களைய அந்த நுனியால நெம்பி எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. இப்பவே எடுக்கலன்னா வேரு கல்லுக்கு அடியில போயிடும், அப்புறம் கல்லையே பேக்கணும்னு சைகையில காட்டுனாரு. இடுக்குத் தோட்டத்துல களை கம்மி, ஏன்னா மண்ணு வெளிய தெரியிற எடமே கம்மி, ஆனா வர்ற ஒண்ணு ரெண்ட விட்டுட்டா தொலைஞ்சோம்.

எல்லாரும் முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தப்ப நான் கொல்லப்பக்கம் போனேன். கொட்டகை செவுத்துல பழைய ஜன்னல் கண்ணாடி முப்பது நாப்பது சாத்தி வச்சிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வளைச்ச கம்பிக் கால். எதுக்குன்னு மொழிபெயர்க்க வந்த பொண்ண விட்டுக் கேட்டேன். குளிர்காலத்துல மெத்தை மாதிரி அடர்த்தியா தரையோட வளர்ற ஒவ்வொரு செடி மேலயும் ஒரு கண்ணாடியாம், பக்கவாட்டுல காத்து போற மாதிரி, மேல மட்டும் மூடி. நான் குளிருக்கான்னு கேட்டதுக்கு பெரியவரு சிரிச்சுட்டாரு. இதுங்க மலையில பனிக்கு அடியில காஞ்சு தூங்குற சாதி, குளிரு ஒண்ணும் பண்ணாது, கீழ நாட்டுக் குளிர்கால மழையோட ஈரந்தான் கழுத்த அழுக வைக்குதாம்.

எனக்கு அங்கயே நம்ம ஐப்பசி அடைமழை ஞாபகம் வந்துருச்சு. தூங்குற நேரத்துல ஈரம். அடீனியத்துக்கும் அதே கதைதான! மணல மாத்தி மாத்திப் போட்டேனே தவிர மேல ஒரு கூரை போடணும்னு புத்தி வரல. ஊருக்கு வந்து அந்த வருஷம் புரட்டாசி கடைசியிலயே பாலிகார்பனேட் ஷீட்ட துண்டு போட்டு, கம்பிக் கால் வச்சு, நாலு பக்கமும் காத்து வர்ற மாதிரி மூடுனேன். முந்தின வருஷம் ஏழு போச்சு, அந்த வருஷம் ஒண்ணுதான் போச்சு, அதுவும் ஷீட்டு காத்துல பறந்த எடத்துல இருந்தது. ஒரு மழைக்காலத்த வச்சு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனாலும் பாருங்க. இந்தக் கண்ணாடிங்க எடின்பரோவுல என் கண்ணுல படவே இல்லயே.

நம்ம ஊரையே எடுத்துக்குங்க. ஆத்தங்குடிக்கு டிக்கெட் எடுத்து அரண்மனை பாக்குறவங்களுக்கு கைடு பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள்னு சொல்லி அனுப்பிடுவாரு. அதே தெருவுல ஒரு ஆச்சி வீட்டுத் திண்ணையில உக்காந்து கேட்டீங்கன்னா, முட்டை வெள்ளைக்கரு போட்ட சுண்ணாம்புச் செவுத்த எதால தொடைக்கணும், எந்த ஓடு ஒழுகுது, ஓடு மாத்த ஆளு கெடைக்காம எத்தன வருஷமா சட்டி வச்சிருக்காங்கங்கிறது வரைக்கும் வந்துரும். தனியார் தோட்டம் எனக்கு அந்தத் திண்ணை.

பஸ்ஸுக்குள்ள நடக்குற பேச்சும் சும்மா இல்ல. ரெஜினால்ட் ஃபாரர்னு யார்க்ஷயர்க்காரர், பாறைத் தோட்டக்காரங்களுக்கெல்லாம் பெரியப்பா மாதிரி, 1920ல மேல் பர்மாவுல செடி தேடப் போன எடத்துல செத்துப் போனாரு. இத ஒருத்தர் சொன்னதும், அந்தக் காலத்துல எங்க ஐயாவோட அப்பச்சி பர்மாவுல கொடுக்கல் வாங்கல் பண்ணிட்டு இருந்தாருன்னு சொன்னேன், அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல எனக்குத்தான் மவுசு.

குறையும் சொல்லணும்ல. ஒரு தோட்டத்துக்கு 40 நிமிஷம்னு சொல்லி விசில் அடிப்பாங்க, நல்ல தோட்டத்துல அது பத்தாது, சுமாரான தோட்டத்துல அது போதும் போதும்னு ஆயிடும். டயோனிசியான்னு ஒரு ஆல்பைன் செடி, அது ஒண்ணே ஒண்ணு பூத்திருந்தா இருபது பேரும் அதுக்கு முன்னாடி முட்டி போட்டு வரிசையில நிக்கணும். ரெண்டு நாளுக்கு ஒரு தடவை நர்சரியில நிறுத்துவாங்க, மத்தவங்க தட்டுத் தட்டா வாங்குவாங்க, நமக்கு அங்க வேலையே இல்ல, இறக்குமதி பெர்மிட்டும் அந்த நாட்டு செடி நலச் சான்றிதழும் இல்லாம விதை கூட இந்தியாவுக்குக் கொண்டு வர முடியாது. நான் அந்த நேரமெல்லாம் டீ குடிச்சேன்.

நடுவுல ஒரு வழியும் இருக்கு. இங்கிலாந்து, வேல்ஸ்ல நேஷனல் கார்டன் ஸ்கீம்னு 1927லருந்து நடக்குது, தனியார் தோட்டத்த வருஷத்துல சில நாளு தர்ம காரியத்துக்காகத் தொறந்து விடுவாங்க, அப்ப தலைக்கு ஒரு ஷில்லிங், இப்பவும் சின்னக் காசுதான். ஓனரே நிப்பாரு, பேசலாம். மக வீட்டுல இருந்தப்ப ஒண்ணே ஒண்ணு போனேன், பாறைத் தோட்டம் ஓரமாத்தான் இருந்துச்சு, கேக்கு நல்லா இருந்துச்சு. ஆல்பைன் மட்டும் தேடுறவங்களுக்கு தேதியும் ஊரும் ஒத்து வர்றது கொஞ்சம் அதிர்ஷ்டந்தான்.

எடின்பரோ எங்கயும் ஓடிடாது, அடுத்த வருஷமும் இருக்கும். அந்தப் பெரியவரோட தோட்டம் அப்படி இல்ல. பசங்க வேற ஊர்ல, அவங்களுக்கு இதுல இஷ்டம் இல்லன்னு அவரே சொன்னாரு. பூட்டுன வீடு நம்ம ஊர்ல வாட்ச்மேன வச்சு அம்பது வருஷம் நிக்குது, கத்தியோட குனியிற ஆளு இல்லாத பாறைத் தோட்டத்துக்கு மூணு வருஷமே ஜாஸ்தி. அதனால தம்பிக்கு நான் சொன்னது, இந்த மே மாசம் கோஷ்டி, எடின்பரோ அப்புறம். மே தாண்டிடாத, கீழ் நாட்டுத் தோட்டமெல்லாம் ஏப்ரல் மே தான். சுவிட்சர்லாந்து ஷினிகெ பிளாட்டெ ஆல்பைன் தோட்டம் மாதிரி மலை மேல இருக்குறது ஜூன் பாதிக்கு மேலதான் தொறக்கும், ரெண்டையும் ஒரே டிக்கெட்ல முடிக்கலாம்னு கணக்குப் போடாத. கொல்லப்பக்கம் போய்ப் பாக்க ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. பருப்புப்பொடி ரெண்டு பாக்கெட்டா எடுத்துக்க, ஒண்ணு பஸ்லயே தீந்துரும்.