டெர்மினல் விண்டோவின் இடமும் அளவும்: எந்தக் கருவி சொல்லும் எண்ணை நம்பலாம்?

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒரு டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் விண்டோவை) நாம் சொன்ன மூலையில், நாம் சொன்ன அளவில் ஸ்கிரிப்ட் மூலம் நிறுத்த ஐந்தாறு வழி உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே வேலை செய்யும். எது தேறும் என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். விண்டோ இப்போது எங்கே இருக்கிறது என்று கருவியிடம் கேளுங்கள். அது சொன்ன எண்களையே திருப்பிக் கொடுத்து "இங்கே வை" என்று சொல்லுங்கள். விண்டோ இம்மியும் அசையக்கூடாது. பேர்பெற்ற இரண்டு கருவிகள் இதிலேயே சறுக்குகின்றன.

(கட்டளைப் பெயர்கள் இங்கே ஒலிப்புப்படி இருக்கின்றன. டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. பேரெழுத்து தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறது.)

சறுக்குவதற்குக் காரணம், லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 அமைப்பிலேயே இருக்கிறது. டெர்மினல் வரைவது உள்பகுதியை மட்டும்தான். டைட்டில் பாரும் ஓரக்கோடும் விண்டோ மேனேஜர் (விண்டோக்களை நகர்த்தி அடுக்கும் நிரல்) போடும் ஃப்ரேம். டெர்மினல் அந்த ஃப்ரேமுக்குள் குழந்தை விண்டோவாக உட்கார்ந்திருக்கும். ஆகவே "இடம்" என்றால் ஃப்ரேமின் மூலையா, உள்விண்டோவின் மூலையா என்ற கேள்வி வருகிறது. அளவிலும் இதே இரட்டை: பிக்சல் கணக்கா, எழுத்துக் கட்டக் கணக்கா?

ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். பழைய 6×13 ஃபிக்ஸட் எழுத்துருவில் ஓடும் எக்ஸ்டெர்ம் டெர்மினல், 80 பத்தி (நெடுவரிசை), 24 வரி. எழுத்துகளுக்கு 480×312 பிக்சல். சுற்றிலும் 2 பிக்சல் உள்ஓரம் சேர்த்து விண்டோ 484×316. விண்டோ மேனேஜர் பக்கவாட்டில் 1, மேலே 28 பிக்சல் ஃப்ரேம் போடுகிறது. ஃப்ரேமின் மூலை திரையில் 100, 100-இல் இருக்கிறது என்று வையுங்கள்.

படிப்பதற்கு: எக்ஸ்வின்இன்ஃபோ முதலிடம்

எக்ஸ்வின்இன்ஃபோவை ஓட்டி விண்டோவின் மேல் கிளிக் செய்தால், அல்லது ஐடி ஆப்ஷனில் விண்டோ எண்ணைக் கொடுத்தால், "அப்ஸல்யூட் அப்பர்-லெஃப்ட்" என்று 101, 128 காட்டும். இது உள்விண்டோவின் உண்மையான இடம். அடுத்து "ரிலேட்டிவ் அப்பர்-லெஃப்ட்" 1, 28. இது ஃப்ரேமுக்குள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஃப்ரேமின் மூலை 100, 100 கிடைத்துவிடும். அதற்குக்கூட அவசியமில்லை, கடைசி வரியைப் பாருங்கள்: ஜியாமெட்ரி 80×24+100+100. ஃப்ரேமைக் கழித்து, பிக்சலை எழுத்துக் கட்டமாக மாற்றி, எக்ஸ்டெர்முக்கு அப்படியே ஒட்டக்கூடிய வடிவில் தந்துவிடுகிறது. நம் சோதனையில் நேராகத் தேறுவது இதுதான். பலரும் மேலே இருக்கும் எண்களை எடுத்துக்கொண்டு இந்தக் கடைசி வரியைக் கவனிப்பதே இல்லை.

அதே விண்டோவை டபிள்யூஎம்-கன்ட்ரோலிடம் கேட்டால் (பெயர் டபிள்யூ, எம், சி, டி, ஆர், எல், ஆப்ஷன் சிற்றெழுத்து எல், பேரெழுத்து ஜி) அது 102, 156 என்று சொல்லும். இந்த எண் திரையில் எந்த மூலைக்கும் பொருந்தாது. ஏற்கெனவே ஃப்ரேமைச் சார்ந்து இருக்கும் ஆயத்தொலைவை மறுபடியும் உள்விண்டோவிலிருந்து திரைக்கு மாற்றுவதால், ஃப்ரேமின் தடிமன் இரண்டு தடவை கூடிவிடுகிறது. இந்த எண்ணையே எழுதும் (அதாவது இடத்தை மாற்றும்) கட்டளைக்குக் கொடுத்தால், அது ஃப்ரேமின் மூலையாக எடுத்துக்கொள்ளப்படும். விண்டோ 56 பிக்சல் கீழே இறங்கும். ஒவ்வொரு முறை சேமித்து மீட்கும்போதும் இன்னொரு 56. கடைசி வெளியீடான 1.07 வந்தது 2005-இல்; திருத்தத்துக்குக் காத்திருப்பதில் பயனில்லை, கணக்கில் கழித்துக்கொள்வதே வழி.

எக்ஸ்டூடூல் ஸ்கிரிப்டுக்கு மிக வசதியானது. கெட்விண்டோஜியாமெட்ரிக்கு ஷெல் ஆப்ஷன் கொடுத்தால் எக்ஸ், ஒய், விட்த், ஹைட் என்று மாறிகளாகவே தரும். ஈவலில் போட்டு நேரே பயன்படுத்தலாம். அகலமும் உயரமும் நம்பகமானவை. இடம் மட்டும் நம் சோதனையில் தோற்கும். அது ஃப்ரேமின் மூலையைச் சொல்வதில்லை. விண்டோமூவ் நகர்த்துவதோ ஃப்ரேமை. எத்தனை பிக்சல் நழுவும் என்பது விண்டோ மேனேஜரையும் கருவியின் பதிப்பையும் பொறுத்தது. ஆகவே ஒருமுறை படித்து, எழுதி, மறுபடி படித்து, வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு ஸ்கிரிப்டில் கழியுங்கள்.

ஃப்ரேம் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்க, விண்டோவின் பண்புகளைக் காட்டும் எக்ஸ்ப்ராப்பில் நெட்-ஃப்ரேம்-எக்ஸ்டென்ட்ஸ் என்ற பண்பு உண்டு. நான்கு எண்கள்: இடது, வலது, மேல், கீழ். சிஎஸ்எஸ் பாணியில் மேலிருந்து தொடங்கும் என்று நினைத்துக் குழம்பாதீர்கள். க்னோம் டெர்மினல் மாதிரி தன் டைட்டில் பாரைத் தானே வரையும் நிரல்களில் இன்னொரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாத நிழலும் விண்டோவின் அளவோடு சேர்ந்துவிடும். அதைச் சொல்வது ஜிடிகே-ஃப்ரேம்-எக்ஸ்டென்ட்ஸ். 0, 0-இல் வைத்தும் மூலையில் இடைவெளி தெரிகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

எழுதுவதற்கு: திறக்கும்போதே சொல்வது மேல்

டெர்மினலைத் திறக்கப்போவது நீங்கள்தான் என்றால் வேறெதையும் தேடவேண்டாம், ஜியாமெட்ரி ஆப்ஷனே போதும். எக்ஸ்டெர்ம், க்னோம் டெர்மினல், எக்ஸ்எஃப்சிஇ டெர்மினல் மூன்றும் பத்தி, வரி, இடம் என்ற ஒரே வடிவத்தை ஏற்கும் (நடுவில் வருவது பெருக்கல் குறி அல்ல, ஆங்கில எக்ஸ்). எழுத்துரு மாறினாலும் 80×24 என்பது 80×24-தான். கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் போட்டால் வலது ஓரம், கீழ் ஓரத்திலிருந்து கணக்கு: 80×24-0-0 என்றால் வலது கீழ் மூலை. திரை எத்தனை பிக்சல் என்று தெரியாமலே மூலையில் ஒட்டவைக்க முடிவது இந்த வழியில்தான். அலாக்ரிட்டியில் இதே வேலையை அமைப்புக் கோப்பில் விண்டோ பகுதியின் டைமென்ஷன்ஸ், பொசிஷன் செய்யும். முன்னது எழுத்துக் கட்டம், பின்னது பிக்சல்.

ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவுக்கு டபிள்யூஎம்-கன்ட்ரோலின் இ ஆப்ஷனும் எக்ஸ்டூடூலின் விண்டோமூவ், விண்டோசைஸ் ஜோடியும் போட்டி போடுகின்றன. முன்னதற்குக் காற்புள்ளியிட்ட ஐந்து எண்கள்: கிராவிட்டி, எக்ஸ், ஒய், அகலம், உயரம். கிராவிட்டிக்கு 0 போதும். 10 கொடுத்தால் எண்கள் உள்விண்டோவைக் குறிக்கும், விண்டோ மேனேஜர் மதித்தால். மாற்றவேண்டாத இடத்தில் -1. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் ஷெல் அதைத் தனித்தனி வாதங்களாக உடைத்துவிடும், கட்டளை முறைக்கும்.

மேக்ஸிமைஸ் ஆகியிருக்கும் விண்டோவிடம் இந்த எண்கள் எடுபடாது. பிழைச் செய்தியும் வராது, விண்டோவும் நகராது. முதலில் பி ஆப்ஷனில் ரிமூவ், மேக்ஸிமைஸ்ட்-வெர்ட், மேக்ஸிமைஸ்ட்-ஹார்ஸ் கொடுத்து இறக்கவேண்டும். ஒரே தடவையில் இரண்டு பண்புகளுக்கு மேல் ஏற்காது. ஃபுல்ஸ்கிரீனையும் எடுக்க இன்னொரு தடவை ஓட்டவேண்டும். டபிள்யூஎம்-கன்ட்ரோலைக் கைவிடாமல் இருக்க இந்த ஒரு வசதியே போதுமான காரணம்.

அளவு மாற்ற எக்ஸ்டூடூலே நல்லது. விண்டோசைஸுக்கு யூஸ்ஹின்ட்ஸ் ஆப்ஷன் கொடுத்து 80 24 என்றால் எழுத்துக் கட்டக் கணக்கிலேயே மாற்றும். பிக்சலில் 500×320 கேட்டுப் பாருங்கள்: நம் எக்ஸ்டெர்மில் (500-4)÷6 என்பது 82 சொச்சம், (320-4)÷13 என்பது 24 சொச்சம். பல விண்டோ மேனேஜர்கள் சொச்சத்தை வெட்டி 496×316-இல் நிறுத்தும். கேட்டதும் கிடைத்ததும் ஒன்றா என்று ஒப்பிட்டு, ஒன்றாகும்வரை லூப்பில் சுற்றும் ஸ்கிரிப்ட் இங்கே முடிவில்லாமல் சுழலும்.

எந்த விண்டோ என்று பிடிப்பது

பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் உடைவது எண்களில் அல்ல, இங்கேதான். டெர்மினலைத் திறந்த மறுகணமே நகர்த்தச் சொன்னால் விண்டோ இன்னும் பிறந்திருக்காது. ஸ்லீப் 1 போட்டுச் சமாளிப்பது மெதுவான கணினியில் கவிழ்த்துவிடும். எக்ஸ்டூடூலின் சர்ச்சுக்கு சிங்க், ஒன்லிவிசிபிள் இரண்டையும் கொடுத்தால் விண்டோ கண்ணில் படும்வரை அதுவே காத்திருக்கும்.

டைட்டிலை வைத்துத் தேடுவது ஆபத்து. உபுண்டுவின் வழக்கமான பாஷ் அமைப்பு ஒவ்வொரு ப்ராம்ப்ட்டிலும் டைட்டிலை மாற்றி எழுதும். நீங்கள் வைத்த பெயர் முதல் ப்ராம்ப்ட்டிலேயே போய்விடும். பிஐடியை (ப்ராசஸ் எண்ணை) வைத்துத் தேடினால் க்னோம் டெர்மினல் கைவிடும், ஏனென்றால் எல்லா விண்டோக்களும் ஒரே சர்வர் ப்ராசஸின் கீழ்தான். கிளாஸ் பெயரே பத்திரம். எக்ஸ்டெர்மில் நேம் ஆப்ஷனால் தனிப் பெயர் சூட்டலாம். டெர்மினலுக்குள்ளிருந்தே ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் எக்ஸ்டெர்ம், கிட்டி, அலாக்ரிட்டி மூன்றும் விண்டோ எண்ணை விண்டோஐடி என்ற சூழல் மாறியில் (எல்லாம் பேரெழுத்து) வைத்திருக்கும். தேடலே வேண்டாம்.

உள்ளேயிருந்து பேசும் எஸ்கேப் வழி

டெர்மினலுக்கே சங்கேதம் அனுப்புவது இன்னொரு வழி. எஸ்கேப், திறந்த சதுர அடைப்பு, 8;24;80, சிற்றெழுத்து டி என்று பிரின்ட்எஃப்-இல் அனுப்பினால் 24 வரி, 80 பத்திக்கு மாறும். ஜியாமெட்ரியில் பத்தி முதலில், இங்கே வரி முதலில். எஸ்டிடிஒய் சைஸும் "24 80" என்றே சொல்லும். 3;எக்ஸ்;ஒய் நகர்த்தும்; 18 என்பது எழுத்துக் கட்ட அளவைக் கேட்கும், 14 என்பது பிக்சல் அளவை, 13 என்பது இடத்தை.

எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினியில் இருந்தாலும் இது வேலை செய்யும். வேறெந்தப் போட்டியாளருக்கும் இவ்வளவு சுலபமாக வாய்க்காத வசதி. ஆனால் பதில் விசைப்பலகை உள்ளீடு மாதிரி வந்து விழும். எஸ்டிடிஒய்யில் எக்கோவை அணைத்து ரா நிலையில் படிக்காவிட்டால் ப்ராம்ப்ட்டில் "8;24;80" என்று குப்பையாகக் கிடக்கும். டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலைப் பல பேன்களாகப் பிரிக்கும் நிரல்) 18-க்கு வரும் பதில் பேனின் அளவு, விண்டோவின் அளவல்ல. எக்ஸ்டெர்மில் அலவ்விண்டோஆப்ஸ் என்ற அமைப்பு அணைந்திருந்தால், அதன் தடைப் பட்டியலில் இருக்கும் சங்கேதங்கள் எடுபடாது. டெபியன் அதைப் பாதுகாப்புக்காக அணைத்தே தருகிறது.

வேலண்டில் ஆட்டமே வேறு

எக்ஸ்டிஜி-செஷன்-டைப் மாறியை எக்கோ செய்து பாருங்கள். வேலண்ட் (எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த புதிய திரை அமைப்பு) என்று வந்தால் மேலே சொன்னதில் பாதி செல்லாது. அங்கே ஒரு நிரலுக்குத் தன் விண்டோ திரையில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, கேட்கவும் முடியாது, வடிவமைப்பே அப்படி. ஜியாமெட்ரியில் அளவு மட்டும் எடுபடும், இடம் காதில் விழாது. உபுண்டு 25.10 டெஸ்க்டாப்பில் க்னோமின் எக்ஸ்11 செஷனையே எடுத்துவிட்டதால் பழைய ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதும் கடினமாகிவருகிறது.

கேட்கவேண்டிய இடம் கம்போசிட்டர் (வேலண்டில் எல்லா விண்டோக்களையும் திரையில் அடுக்கும் நிரல்) மட்டுமே. இதில் ஸ்வே என்ற கம்போசிட்டர் மிகத் தாராளம்: ஸ்வேமெசேஜில் கெட்-ட்ரீ கேட்டால் ஒவ்வொரு விண்டோவின் ரெக்ட்டும் ஜேசன் வடிவில் வரும். நகர்த்த, ஆப்-ஐடியால் விண்டோவைத் தேர்ந்து, ஃப்ளோட்டிங் எனேபிள், ரீசைஸ் செட், மூவ் பொசிஷன் என்ற வரிசையில் கொடுக்கவேண்டும். ஃப்ளோட்டிங்கை மறந்தால் டைலிங் அமைப்பே இடத்தை முடிவு செய்துவிடும். ஃபுட் டெர்மினலைத் திறக்கும்போதே தனி ஆப்-ஐடி கொடுத்துவிட்டால் அமைப்புக் கோப்பில் ஒரு விதியாகவே எழுதிவிடலாம். காத்திருக்கும் தொல்லையும் தீர்ந்தது.

கேடிஇ பிளாஸ்மாவில் விண்டோ ரூல்ஸ் போதும். ஸ்கிரிப்ட்தான் வேண்டுமென்றால் கேவின் ஸ்கிரிப்டில் ஃப்ரேம்ஜியாமெட்ரி இருக்கிறது. பெயரிலேயே ஃப்ரேம் என்று இருப்பதால் படித்ததும் எழுதியதும் ஒன்றே. நம் சோதனையில் தேறும். எக்ஸ்டூடூல் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இதன் மேல் கட்டிய கேடூடூல் உண்டு. க்னோம்தான் கைவிரிக்கிறது: ஷெல்லின் ஈவல் வழி க்னோம் 41-இலேயே பூட்டப்பட்டது, எக்ஸ்டென்ஷன் போடாமல் வெளியிலிருந்து நகர்த்த வழியில்லை.

எக்ஸ்டென்ஷனும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சந்து: எக்ஸ்வேலண்டில் (வேலண்டுக்குள் எக்ஸ்11 நிரல்களை ஓட்டும் பகுதியில்) ஓடும் டெர்மினலைத் திறப்பது. எக்ஸ்டெர்ம் தானாகவே அதில்தான் ஓடும்; அலாக்ரிட்டியைத் திறக்கும் முன் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் வேலண்ட்-டிஸ்ப்ளே மாறியை எடுத்துவிட்டால் அதுவும் அதற்குள் வந்துவிடும். அப்போது எக்ஸ்டூடூல் மறுபடி உயிர்பெறும், நழுவும் பழக்கத்தோடு சேர்த்து.