சிறுசுகளுக்கான பொங்கல் பானையும் கட்டியும்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

மார்கழிக் கடைசி வாரத்தில் நாகர்கோவில் வடசேரி சந்தைப் பக்கம் போனால், பெரிய பானைகளுக்கு நடுவே குட்டிப் பானை, மூடி, அதைத் தாங்கும் அடுப்பாக வைக்க மூன்று சின்னப் பொங்கல் கட்டி (மண்கட்டி) எல்லாம் கிடைக்கும். சுங்கான்கடையில் சூளைக்குப் பக்கத்திலேயே பார்த்துப் பொறுக்கியும் எடுக்கலாம். வீட்டுப் பொங்கலுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் தனியாக ஒரு பானை வைக்கவும், அதன்பின் தை மாதத்தில் பிள்ளைகள் சின்ன வீடு கட்டி வைக்கும் சிறுவீட்டுப் பொங்கலுக்கும் இது உதவும். சுருக்கமாகச் சொன்னால் பானை அருமை, கட்டி சுமார், எனாமல் பெயின்ட் அடித்த பானை வேண்டவே வேண்டாம்.

முதலில் அளவு. அரை லிட்டர் பானை பார்க்க அழகு, ஆனால் அகப்பை உள்ளே போகாது. பால் பொங்கினால் பாதி வெளியே போய்விடும், மிச்சம் அடியில் பிடிக்கும். ஒரு லிட்டருக்குக் குறையாமல் எடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்கி விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ‘தொப்’பென்று கேட்டால் கீறல் இருக்கும், இல்லையென்றால் சூளையில் வேகாதது. வெளியே கருப்புத் திட்டு இருப்பது குறையல்ல, சூளைப் புகைதான். பூவும் கரும்பும் வரைந்து பளபளவென்று வைத்திருக்கும் பானைதான் பிள்ளைகளின் கண்ணில் முதலில் படும். அந்தப் பெயின்ட் தீயில் கொப்பளித்து உரியும், நாற்றம் பொங்கலிலும் ஏறும். காவியும் சுண்ணாம்பும் போதும், அதைப் பிள்ளைகளே பூசட்டும்.

வாங்கி வந்த அன்றே அடுப்பில் ஏற்றக் கூடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை முக்கால் பானை ஊற்றி, சிறுதீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிடுங்கள். அந்தக் கஞ்சிப்பசை மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். முதல் நாள் வெளிப்புறம் வியர்த்தால் பயப்பட வேண்டாம். பழக்கிய பிறகும் சொட்டினால் மாற்றிவிடுங்கள்.

கட்டிதான் தொந்தரவு. இது சூளையில் சுடாமல் வெயிலில் காயவைப்பது. நம் மாவட்டத்தில் மார்கழியிலும் மழை எட்டிப் பார்ப்பதால், விற்பனைக்கு வரும் கட்டி பலதும் உள்ளே ஈரமாகவே இருக்கும். ஈரக்கட்டி தீயில் வெடித்தால் பானை சாயும். அடிப்பக்கம் நகத்தால் கீறிப் பாருங்கள்: வெளிறிய பொடி உதிர்ந்தால் காய்ந்தது, கருத்து வழுவழுப்பாக இருந்தால் ஈரம். எதற்கும் நான்கு நாள் வெயில் காட்டி, அதன்பிறகு சுண்ணாம்பு அடித்துக் காவிப்பட்டை போடுங்கள். முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்திருந்தால் இரண்டு அங்குலம் மணல் பரப்பி அதன்மேல் கட்டியை வைக்க வேண்டும், கல் சூட்டில் விரியும்.

ஒரு லிட்டர் பானைக்குத் தண்ணீர் 600 மில்லி, பால் 150 மில்லி. பச்சரிசி 100 கிராம், வறுத்த சிறுபருப்பு 25 கிராம், வெல்லம் 150 கிராம். பனையோலை குபீரென்று எரிந்து அடங்கிவிடும், பால் பொங்கி வரும் நேரத்துக்கு அதுதான் சரி. அரிசி வேகக் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) சிரட்டையும் வேண்டும். தீ பானையின் கழுத்தைத் தொடக் கூடாது. உள்ளே தண்ணீர் எட்டாத இடத்தில் தீ பட்டால் அந்த வரியிலேயே விரிசல் விழும். பால் பொங்கி வழிந்து குரவை இட்டதும், உள்ளே இருப்பதில் இரண்டு அகப்பை முகந்து தனியே வையுங்கள், பிறகு அரிசியும் பருப்பும். இடையில் வற்றினால் முகந்து வைத்ததைச் சூடாக்கி ஊற்றலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பானை பிளப்பதுதான் தை முதல் நாளில் அதிகம் நடக்கும் விபத்து.

அரிசி விரலில் மசிந்த பிறகே வெல்லம். முந்தினால் அரிசி அதற்குமேல் வேகாது, நறுக்கென்றே நிற்கும். வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் கரைத்து வடிகட்டி விடுங்கள், மணல் இருக்கும். கருப்பட்டி என்றால் நிறம் கருக்கும், மணம் வேறு (எங்கள் ஓட்டு அதற்கே). கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே தீயை இழுத்துவிடுங்கள், மண்பானை இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும். நெய், ஏலம், துருவிய தேங்காய் கடைசியில்.

மஞ்சள் குலையை முழுசாகக் கட்டினால் குட்டிப் பானையின் கழுத்தில் இலை தொங்கித் தீயில் விழும். ஒரு கிழங்கும் இரண்டு இலையும் போதும். காற்று வரும் பக்கம் பிள்ளைகள் நிற்கட்டும், எதிர்ப்பக்கம் தீ நாக்கு நீளும். பட்டுப்பாவாடை பூசை நேரத்துக்கு இருக்கட்டும், அடுப்புப் பக்கம் பருத்தித் துணி. கிண்ட நீளக் காம்பு உள்ள சிரட்டை அகப்பை கொடுங்கள். எவர்சில்வர் கரண்டியால் அடித்துக் கிண்டினால் பானையின் விளிம்பு பெயரும்.

கழுவும்போது சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த சமையலில் கக்கும். சாம்பலும் தேங்காய் நாரும் வெந்நீரும் போதும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு, மூடாமல் கவிழ்த்து வையுங்கள். மூடி வைத்தால் பூசணம் பிடித்து, சிறுவீட்டுப் பொங்கலுக்கு வேறு பானை தேட வேண்டியிருக்கும்.