மின்சாரமும் தண்ணீரும் வராத வீட்டுக்கு ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்

கோயம்புத்தூரின் கிழக்கே, சிங்காநல்லூரைத் தாண்டிச் சூலூர் செல்லும் வழியில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் எங்கள் முதல் வீட்டை வாங்கினோம். சாவி பெறுவதற்கு முன் வீட்டை ஒருமுறை முழுமையாகப் பார்த்துக் குறைகளைச் சொல்லும் உரிமை வாங்குபவருக்கு இருக்கிறது. அந்த உரிமையை மறுக்காமலேயே, அதனால் எந்தப் பயனும் விளையாதவாறு ஒரு கட்டுமான நிறுவனம் எப்படி ஏற்பாடு செய்ய முடியும் என்பதை, இப்போது முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆவணியில் புண்ணியார்ச்சனைக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, நாள் குறித்திருந்தோம். வீடு எப்போது தயாராகும் என்று அந்த நிறுவனத்தைக் கேட்டு, அவர்கள் சொன்ன மாதத்தை வைத்துத்தான் நாளே பார்க்கப்பட்டது. பத்திரிகை அடித்து, பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும் நேரில் போய்ச் சொல்லி முடித்த பிறகு, விசேஷத்துக்கு முந்தைய வாரத்தில்தான் வீட்டைப் பார்க்க வரச் சொன்னார்கள். அதுவும் பொழுது சாயும் நேரத்தில். வீட்டுக்குள் மின்சாரம் இல்லை, ஏனென்றால் மீட்டரே பொருத்தப்படவில்லை. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. கட்டுமானக் காலத்துக்காகப் பெற்ற தற்காலிக இணைப்பிலிருந்து நடைபாதைக்கும் மின்தூக்கிக்கும் மட்டும் கம்பி இழுத்திருந்தார்கள்.

என் மாமனார் விவசாயி. தோட்டத்தில் சொந்தமாகப் பைப் லைன் போட்டவர். "தண்ணி இல்லாம பாத்ரூம எப்படித் தம்பி பாக்கறது?" என்று அவர்தான் கேட்டார். "எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சுங்கய்யா, ரெண்டு நாள்ல கரண்ட்டு, தண்ணி ரெண்டும் வந்துருமுங்க. நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா சாவிய இப்பவே வாங்கிக்கலாமுங்க" என்றார் சைட் இன்ஜினியர். நீட்டப்பட்ட கடிதத்தில், வீட்டின் அளவு, வேலைத்தரம், பொருத்தப்பட்ட பொருள்கள் அனைத்தையும் பரிசோதித்து முழுத் திருப்தி அடைந்ததாகவும், இனி எவ்விதக் கோரிக்கையும் எழுப்பப்போவதில்லை என்றும் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. கடைசித் தவணையை விடுவிக்கும்படி வங்கிக்கு நாங்கள் எழுதுவதாக அமைந்த கடிதமும் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் கையெழுத்து இல்லையென்றால் சாவி இல்லை என்பது அவர்களுடைய நிலை, நாளோ நெருங்கிவிட்டது. கையெழுத்திட்டோம்.

மீட்டர் இல்லாததை வெறும் தாமதம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, விலக்கு அளிக்கப்பட்ட சிறிய கட்டடங்களைத் தவிர மற்றவற்றுக்குப் பணி நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வழங்கப்படுவதில்லை. ஆகவே பல வீடுகள் கொண்ட கட்டடத்தில் தனித்தனி மீட்டர் இல்லையென்றால், சான்று வந்துவிட்டதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் கட்டடத்துக்கு வந்திருக்கவில்லை. அது வரும்வரை தற்காலிக இணைப்பின் மின்சாரத்தையே எங்களுக்குக் கொடுத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கினார்கள்; வீட்டு இணைப்புக்கு உரிய 100 யூனிட் சலுகையும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

குடியேறிய பின் ஒவ்வொன்றாக வெளிவந்தது. அவற்றில் குளியலறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய வீடுகளில் அதிகச் செலவு வைக்கும் குறை அதுதான். தரையின் வாட்டம் வடிகாலை நோக்கி இல்லாமல் கதவு மூலையை நோக்கி இருந்தது. குளித்த தண்ணீர் அங்கே தேங்கி, டைல்ஸ் இணைப்பின் வழியாக இறங்கி, அடுத்திருந்த படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உப்பி உதிரத் தொடங்கியது. தண்ணீர் மட்டும் இருந்திருந்தால் ஒரு வாளி ஊற்றிச் சிறிது நேரம் நின்று பார்த்தே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். இதைவிட நம்பகமான முறை, வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுவதும் தண்ணீரைத் தேக்கிவைத்து, கீழ்வீட்டின் கூரையிலும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது. டைல்ஸை ஒரு சிறு கம்பியால் தட்டினால், அடியில் கலவை நிரம்பாத இடங்கள் பொக்கென்று ஒலித்துக் காட்டிக்கொடுக்கும். இதற்கு மட்டும் தண்ணீரும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம்.

மின்சாரத்தில் கண்ட குறை ஆபத்தானது. கீசருக்கான பெரிய பிளக்கில் எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது சரியாக விழுந்ததால், எர்த்தும் சரியாக இருக்கும் என்று நம்பியிருந்தோம். அந்தப் பொத்தான் அக்கருவி வேலை செய்கிறதா என்பதை மட்டுமே காட்டும். எர்த் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. மூன்று சிறு விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்த்தால்தான் தெரியும். எலக்ட்ரிக்கல் கடைகளில் குறைந்த விலைக்கே அது கிடைக்கிறது.

கார் நிறுத்துமிடம் வரைபடத்தில் ஒழுங்காக இருந்தது. நேரில் அதன் ஓரத்தில் ஒரு தூண் நிற்கிறது. வண்டியை நிறுத்தினால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்க முடியாது. டேப்பை விரித்து அளந்தால் போதாது, சொந்த வண்டியை உள்ளே விட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். வருவது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் மட்டும்.

புகார் சொன்னபோதெல்லாம் அவர்கள் திருப்திக் கடிதத்தின் நகலையே பதிலாக அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்கு அவர்கள் சொன்ன வலிமை கிடையாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை சுட்டிக்காட்டப்பட்டால், விற்பனையாளர் அதைக் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். வீட்டை ஏற்க வேண்டிய கடமை வாங்குபவருக்கும் உண்டு. ஆனால் 19ஆம் பிரிவு அதை, குடியேறலாம் என்று அனுமதிக்கும் குடியேற்றச் சான்று வந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள் என்றுதான் வரையறுக்கிறது. பணி நிறைவுச் சான்றே வராதபோது அவசரப்பட வேண்டியவர் வாங்குபவர் அல்லர். இவற்றைத் தேதிவாரியான புகைப்படங்களோடு பதிவுத் தபாலில் எழுதி அனுப்பிய பிறகே ஆட்கள் வந்தார்கள். குளியலறைத் தரையை முழுவதும் பெயர்த்து மறுபடி போட்டார்கள், எர்த் கொடுத்தார்கள்.

நாள் குறிப்பவர்களுக்கு என் வேண்டுகோள், மீட்டர் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு குறியுங்கள் என்பது. பெரியவர்கள் ஒப்பவில்லை என்றால், பால் காய்ச்ச மட்டும் வீட்டைத் திறந்துவிடும்படி எழுத்தில் கேளுங்கள். சாவியும் ஒப்படைப்பும் பின்னர் நடக்கட்டும். எங்கள் கட்டடத்திலேயே ஒரு குடும்பத்தினர் அப்படிச் செய்து, கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லா வேலையையும் வாங்கிவிட்டார்கள். எப்படியும் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், "மின்சாரமும் தண்ணீரும் இல்லாததால் பரிசோதிக்க இயலவில்லை" என்ற ஒரு வரியை உங்கள் கையாலேயே அந்தக் கடிதத்தில் எழுதி, தேதியிட்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சத்தில், உங்களுக்குத் தெரிந்த கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். வெளியாள் வரக்கூடாது என்று நிறுவனம் சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

கார் நிறுத்துமிடம் பற்றிய எங்கள் புகார் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் இருக்கிறது. மேற்குச் சன்னல் வழியாகச் சாரல் உள்ளே இறங்குவது அடுத்த ஆடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தபோதுதான் தெரிந்தது. சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே சிமென்ட் அடைக்காமல் சிலிக்கான் மட்டும் பூசியிருந்தார்கள். சென்ற மாதம் அதைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லி, வேலை முடிந்ததற்குக் கையெழுத்துக் கேட்டு மறுபடியும் ஒரு தாளை நீட்டினார்கள். காற்றோடு ஒரு மழை பெய்து முடியும்வரை தர இயலாது என்று பதில் எழுதியிருக்கிறோம்.