பத்து சதவீத பாண்டு விற்க வருகிறார், உஷார்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஓய்வுப் பணம் கையில் இருக்கும் பெரியவர்களைத் தேடி ஓர் ஏஜென்ட் சுற்றிக்கொண்டிருக்கிறார். புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. எங்கள் சித்தப்பாவிடம் எப்படி விற்றார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தனியார் கம்பெனி பாண்டு, அதாவது கடன் பத்திரம். முகமதிப்பு (முதிர்வில் திரும்ப வரும் அசல்) 1 லட்சம், வருஷத்துக்கு 10% வட்டி, முதிர்வுக்கு 3 வருஷம். விலை 1,06,000. "ஐயா, 1,06,000 போடுறீங்க, 1,30,000 திரும்ப வருது" என்று தாளில் கூட்டிக் காட்டியிருக்கிறார். சித்தப்பா ஐந்து வாங்கிவிட்டார்.

கூட்டல் சரிதான். ஆனால் மூன்று வருஷம் கழித்து வரும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றா? அதே கம்பெனியின், அதே சமயத்தில் முதிரும் இன்னொரு பாண்டு அப்போது சந்தையில் 12% ஈல்டில் (கொடுக்கும் விலைக்கு வருஷத்துக்குக் கிடைக்கும் உண்மையான வருமானம்) கைமாறிக்கொண்டிருந்தது. அந்த 12 சதவீதத்துக்கு டிஸ்கவுண்ட் ஃபேக்டர் (பின்னால் வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு) போட்டுப் பார்த்தேன். 1-ஐ 1.12-ஆல் வகுத்தால் முதல் வருஷத்துக்கு 0.8929, அதை மறுபடி வகுத்தால் 0.7972; இன்னொரு தடவை வகுத்தால் 0.7118. முதல் வட்டி 10,000 இன்றைக்கு 8,929தான். அடுத்தது 7,972. கடைசியில் அசலோடு வரும் 1,10,000 இன்றைக்கு சுமார் 78,300. எல்லாம் சேர்த்து 95,200. ஆக, ஒரு பாண்டுக்கு 10,800 கூடுதல், ஐந்துக்கு 54,000!

1,06,000 கொடுத்தவருக்கு உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 7.7%. அந்தப் பத்து சதவீதம் முகமதிப்பின் மேல்தான்.

போனில் கேட்டால், "முதிர்வு வரை வச்சிருந்தா நஷ்டமே இல்லைங்க" என்கிறார். முகமதிப்புக்கு மேல் வாங்கிய 6,000 முதிர்வில் திரும்பாது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. தவணை வராத உண்டியலுக்கு (குறித்த நாளில் பணம் தரச் சொல்லி எழுதிய சீட்டு) வட்டியைக் கழித்துக்கொண்டு பணம் கொடுத்து, ரங்கூன் வரை தொழில் செய்தவர்களின் ஊரில் வந்து இந்தக் கணக்கை மறைத்து விற்கிறார். துணிச்சல்தான்.

அவருக்குப் பின்னால் இருக்கும் தரகு நிறுவனத்தின் மேல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டுக்கும் வந்தால், முதிர்வு வரைக்குமான ஈல்டு எவ்வளவு, இதுவரை சேர்ந்த வட்டி அந்த விலைக்குள் இருக்கிறதா என்ற இரண்டையும் பணம் கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள். அரசுப் பத்திரமே போதும் என்பவர்கள் ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் கணக்கில் 2021 முதல் நேரடியாகவே வாங்கலாம், ஏஜென்ட் தேவையில்லை.